நூற்று நாற்பதாவது படிவம்

எங்கள் ஆய்வு நிலையத்தில் அவளுக்குப் பம்பரம் என்று பெயர். வைத்தவள் நான். எனக்குச் சிவப்பு மை என்று பெயர் வைத்தவள் அவள். பன்னிரண்டு வருஷமாக இரண்டு பெயரும் தேயாமல் ஓடிக்கொண்டிருக்கின்றன. அடையாள அட்டையைத் தேடும்போதுதான் எங்கள் சொந்தப் பெயர் எங்களுக்கே நினைவுக்கு வரும்.

அவளுக்கு உட்காரத் தெரியாது. இதை நான் பேச்சுக்குச் சொல்லவில்லை. அவளுக்கென்று ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள்; அதில் எங்கள் குடைகள்தான் உட்கார்ந்திருந்தன. ஜன்னல் விளிம்பில் தாளை வைத்து நின்றபடியே எழுதுவாள். டீயை நடந்துகொண்டே குடிப்பாள். பேசிக்கொண்டிருக்கும்போதே எதிரில் இருப்பவரின் மேஜையை அடுக்கிவிடுவாள். என் பேனா எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது, அவளுக்குத் தெரியும். இதற்காக இரண்டு முறை சண்டை போட்டிருக்கிறேன். மூன்றாவது முறை போடலாம் என்று நிமிர்ந்தபோது அவள் அறையிலேயே இல்லை.

எங்கள் வேலை வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு வேடிக்கையாகத் தெரியும். வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டிக் கேள்வி கேட்பவர்கள் பன்னிரண்டு பேர். அவர்கள் பென்சிலில் நிரப்பிக்கொண்டு வரும் படிவங்களைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு படித்து, எங்கே புளுகு, எங்கே சோம்பல் என்று சிவப்பு மையில் வட்டம் போடுகிறவள் நான். வெயிலில் அலைய மனமில்லாமல் மர நிழலில் உட்கார்ந்தே ஐந்து வீட்டுக்கு நிரப்பிய மகராசன்களை எல்லாம் பிடித்திருக்கிறேன். ஐந்து வீட்டிலும் அப்பாவுக்கு ஒரே வயதாக இருக்கும். பம்பரத்தின் படிவத்தில் மட்டும் பன்னிரண்டு வருஷத்தில் ஒரு வட்டம் விழுந்ததில்லை. குழந்தைக்கு வயது ஏழு என்று யாராவது சொன்னால் விடமாட்டாள். "ஏழா, ஏழே காலா, ஏழரையா? பொறந்த மாசத்தைச் சொல்லுங்க, நானே போட்டுக்கறேன்," என்று நிற்பாள். வயதைக் கால் கால் வருஷமாக எழுத வேண்டும் என்பது நிலையத்தின் விதி. அதை மதித்த ஒரே ஜீவன் அவள்தான்.

இங்கே வருவதற்கு முன்னால் தெருத் தெருவாகத் தையல் மெஷின் விற்றாளாம். "வாங்குறீங்களான்னு கேட்டா கதவைச் சாத்துறாங்க. எப்படி இருக்கீங்கன்னு கேட்டா உள்ள கூப்பிட்டு உக்கார வைக்கிறாங்க. அதான் கேள்வி மட்டும் கேக்குற வேலையாப் பாத்து வந்துட்டேன்," என்று சொல்வாள். வீட்டுக்காரர் தொலைதூரப் பேருந்து ஓட்டுகிறவர். வாரத்தில் நாலு நாள் வீட்டில் இருக்க மாட்டார். ஒரே மகள். அவளை நான் இரண்டே முக்கால் வயதிலிருந்து பார்க்கிறேன். பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் என் மேஜைக்கடியில்தான் கிடப்பாள். என் சிவப்புப் பேனாவை எடுத்துத் தன் முழங்காலில் வட்டம் போட்டுக்கொள்வாள். "மூக்கு அப்படியே உங்கம்மாவோடது," என்று நான் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். அப்போதெல்லாம் பம்பரத்துக்கு வேறெங்காவது ஒரு வேலை ஞாபகம் வந்துவிடும். அதை நான் கவனித்ததாகச் சொன்னால் பொய். இப்போது நினைத்துப் பார்க்கையில்தான் தெரிகிறது.

அந்தப் பன்னிரண்டு வருஷத்தில் அவர்கள் நாலு வீடு மாறினார்கள். பம்பரம் ஒரே இடத்தில் சுற்றுமா என்று நாங்கள் சிரித்தோம்.

நிலையத்தில் அப்போது இரண்டு ஆய்வுகள் ஒன்றாக நடந்துகொண்டிருந்தன. மஞ்சள் படிவம் புதிய வழக்கங்களைப் பற்றியது. அந்த வருஷம் மட்கு வாளியை எடுத்துக்கொண்டிருந்தோம். சமையலறைக் கழிவைத் தெருவில் கொட்டாமல் ஒரு வாளியில் மண்ணோடு போட்டு மூடி உரமாக்குவது. யார் கேட்டவுடன் செய்தார்கள், யார் பக்கத்து வீட்டைப் பார்த்துச் செய்தார்கள், யார் ஊரே செய்தபிறகும் மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள் என்று கேட்டு எழுத வேண்டும். நீலப் படிவம் தத்தெடுத்த குடும்பங்களைப் பற்றியது. வாளிக்கும் பிள்ளைக்கும் என்ன சம்பந்தம் என்று நான் முதல் நாளே பேராசிரியரிடம் கேட்டேன். வெளியிலிருந்து வரும் ஒன்றை ஒரு வீடு தன்னுடையதாக்கிக்கொள்ளும் வழி எல்லாவற்றுக்கும் ஒன்றுதான் என்றார். முதலில் கேள்விப்படுவார்கள், பிறகு யோசிப்பார்கள், முடிவெடுப்பார்கள், பழகுவார்கள், கடைசியில் வாய்விட்டுச் சொல்வார்கள். வாளி விஷயத்தில் பழகுவதற்கு முன்பே ஊரெல்லாம் சொல்லிவிடுகிறார்கள். பிள்ளை விஷயத்தில் எல்லாம் ஆகி அந்தக் கடைசிப் படியில்தான் கால் நின்றுவிடுகிறது. ஏன் நிற்கிறது என்று அவருக்குத் தெரிய வேண்டும். படித்தவர், சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

மஞ்சள் படிவத்தின்படி பார்த்தால் பம்பரம் முதல் ரகம். எதுவும் ஊருக்குள் வருவதற்கு முன்னால் அவள் வீட்டுக்குள் வந்துவிடும். மட்கு வாளி பற்றிப் பயிற்சி நடந்த அன்று மாலையே வாளி வாங்கிவிட்டாள். குளியலறையில் காளான் வளர்த்தாள். ஒரு மாதம் குளிக்க வீட்டுக்காரர் பேருந்து நிலையத்துக்குப் போனார். தண்ணீரைச் சூரிய வெளிச்சத்தில் சுடவைக்கும் ஒரு கறுப்புப் பெட்டியை மொட்டை மாடியில் ஏற்றினாள்; காற்றில் அது பக்கத்து வீட்டுக் கொடியில் போய் விழுந்தது. "யோசிச்சா செய்யவே மாட்டோம் அக்கா. முதல்ல செஞ்சிடணும்," என்பாள். நான் நேர் எதிர். இன்றைக்கும் எனக்கு வாளி இல்லை.

நீலப் படிவத்தில் இருபத்திரண்டு கேள்விகள். பதினாறாவதுதான் உயிர்: தத்தெடுத்தது குழந்தைக்குச் சொல்லியாகிவிட்டதா, எந்த வயதில்? பதினேழு: சொல்லவில்லை என்றால் காரணம். பதினெட்டு: வேறு யார் யாருக்குத் தெரியும்? இதில் ஒரு சிக்கல் வந்தது. வந்த படிவமெல்லாம் சொல்லிவிட்டோம், சொல்லிவிட்டோம் என்றே வந்தது. மூன்று வயதில் கதையாகச் சொன்னோம், ஐந்து வயதில் சொன்னோம் என்று எல்லாரும் உத்தமர்கள். பேராசிரியர் கூட்டத்தில் மேஜையைத் தட்டினார்.

"சொல்லாத குடும்பம் ஒண்ணுகூடவா இல்ல இந்த ஊர்ல?"

"புள்ளைகிட்டயே சொல்லாதவங்க நம்மகிட்ட எப்படி சார் சொல்லுவாங்க?" என்றேன் நான்.

"அப்ப இந்த ஆய்வே நொண்டி. சொன்னவங்களை மட்டும் வெச்சு, சொல்லாதவங்களைப் பத்தி நான் என்ன எழுதறது?"

பம்பரம் அப்போது கூட்ட அறையின் ஜன்னல் திரையைக் கழற்றித் திரும்ப மாட்டிக்கொண்டிருந்தாள்.

படிவம் கொடுக்க வேண்டிய கடைசி நாள் மாலை ஐந்து மணிக்கு அவள் ஒரு நீலப் படிவத்தைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தாள். வைத்துவிட்டு மறுபடி எடுத்து மடிப்பை நீவினாள். மறுபடி வைத்தாள். "இருக்கட்டும், நாளைக்குப் பாத்துக்கறேன்," என்றேன். முகவரியை நாங்கள் பார்க்கக் கூடாது என்பது விதி. அது தனிச் சீட்டில் எழுதி, உறையிலிட்டு ஒட்டி, படிவத்தின் பின்னால் இணைத்திருக்கும். அதனால் அடுத்த நாள் அந்தப் படிவத்தைப் படித்தபோது அது எந்தக் குடும்பத்தினுடையது என்று எனக்குத் தெரியாது. பதினாறாவது கேள்வியில் தாள் கிழியும் அளவுக்கு அழித்து அழித்து எழுதி, கடைசியில் 'இல்லை' என்று இருந்தது. பதினேழில் காரணம் எழுத ஐந்து வரி இடம் விட்டிருந்தோம். அவள் ஒரே ஒரு சொல் எழுதியிருந்தாள்: பயம். பதினெட்டில் இடம் போதாமல் பின்பக்கம்வரை போயிருந்தது. பேராசிரியர் அந்தப் படிவத்தைப் பார்த்துத் தலைகால் புரியாமல் சந்தோஷப்பட்டார். இந்த ஒரு குடும்பத்தைப் பேசவைத்ததற்காகப் பம்பரத்துக்குக் கைகொடுக்க வேண்டும் என்று தேடினார். அவள் வழக்கம்போல் அறையில் இல்லை.

இங்கேதான் என் தப்பு வருகிறது. அதை நான் மென்று முழுங்கப் போவதில்லை. வந்த வரிசைப்படி படிவங்களுக்கு எண் போடுவது என் வேலை. பத்தாவது, இருபதாவது, முப்பதாவது என்று ஒவ்வொரு பத்தாவது படிவத்தின் முகவரி உறையும் தபால்காரரிடம் போகும். அவர் ஓய்வுபெற்ற தபால்காரர். மறு விசாரணைக்காக எங்களிடம் சேர்ந்தவர். சொல்லாமல் கொள்ளாமல் அந்த வீட்டுக்குப் போய், எங்கள் ஆள் உண்மையிலேயே வந்தாரா, எழுதியது சரியா என்று மூன்று கேள்வி கேட்டுவிட்டு வருவார். பம்பரத்துக்கு இதெல்லாம் தலைகீழ்ப் பாடம். மேஜையில் இருந்த படிவங்களை எண்ணிப் பார்த்துத்தான் கொடுத்திருக்கிறாள். அவளுடையது நூற்று முப்பத்தொன்பதாக வர வேண்டும். ஆனால் என் டீ ஃபிளாஸ்குக்கு அடியில் இன்னொருவரின் படிவம் ஒன்று இரண்டு நாளாகக் கிடந்தது. வட்டமாகக் கறை வேறு. அதற்கு முதலில் எண் போட்டேன். அவளுடையது நூற்று நாற்பதாகிவிட்டது.

அடுத்த வாரம் ஒரு நாள் மூன்று மணிக்கு, டீயைக் கையில் வைத்துக்கொண்டு நடந்தபடி கேட்டாள்.

"மறு விசாரணை எது வரைக்கும் போயிருக்கு அக்கா?"

"நூத்தி நாப்பது வரைக்கும் குடுத்துட்டேன். இன்னைக்கு சாயந்திரம் அந்த வீட்டுக்குப் போறார், அதோட முடிஞ்சுடும்."

"நூத்தி நாப்பது யாரோடது?"

"உன்னோடதுதான். கடைசி நாள் குடுத்தியே."

"அது நூத்தி முப்பத்தொம்பது."

"வந்திருக்க வேண்டியதுதான். ஃபிளாஸ்குக்கு அடியில ஒண்ணு மாட்டிக்கிச்சு, அதுக்கு முதல்ல நம்பர் போட்டேன்."

அவள் அசையாமல் நின்றாள். பன்னிரண்டு வருஷத்தில் அவள் அப்படி நின்று நான் பார்த்ததில்லை. டம்ளரை என் மேஜையில் வைத்தாள். சரியாக வைக்கவில்லை, சாய்ந்து கொட்டியது, அதைத் துடைக்கவும் இல்லை.

"ஏன், அது யார் வீடு?" என்றேன்.

"என் வீடு."

எனக்கு முதலில் வந்தது இரக்கம் இல்லை, கோபம். இதை ஒளிக்காமல் சொல்கிறேன். பன்னிரண்டு வருஷம் என் பேனா எங்கே என்றுகூடத் தெரிந்து வைத்திருந்தவள், என்னிடம் இதைச் சொல்லவில்லை. மூக்கைப் பற்றி நான் உளறியதெல்லாம் வரிசையாக ஞாபகம் வந்து காது சுட்டது. அதற்கப்புறம்தான் மற்றது உறைத்தது. தபால்காரர் கதவைத் தட்டியதும் ஒரு அட்டையைப் பார்த்துப் படிப்பார். 'தத்தெடுத்த குழந்தைகள் உள்ள குடும்பங்களைப் பற்றிய ஆய்வுக்காக வந்திருக்கிறோம்' என்றுதான் அது ஆரம்பிக்கும். முப்பத்தோரு வருஷம் மாடி வீட்டுக்குக் கீழே நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்ட தொண்டை அவருடையது. மகள் மூன்றே முக்காலுக்குப் பள்ளியிலிருந்து வந்துவிடுவாள். கதவைத் திறப்பது அவளாகத்தான் இருக்கும்.

"ஏன்டி உன் வீட்டு விலாசத்தையே எழுதித் தொலைச்ச?"

"வேற விலாசம் எழுதினா அது பொய்யில்லையா அக்கா?" என்றாள். இதைக் கேட்டு அவளை அறையலாம் போல இருந்தது. வீட்டில் பதினாலு வருஷமாக ஒரு விஷயத்தை மூடிவைத்திருக்கிறாள், தாளில் ஒரு கதவு எண்ணை மாற்றி எழுதக் கை வரவில்லை.

தபால்காரரின் கைபேசி அணைந்திருந்தது. வேலை நேரத்தில் அதைத் தொட மாட்டார், பெரிய கண்ணியவான். நான் அலமாரியைத் திறந்து நூற்று நாற்பதை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். அந்தப் படிவத்தை ரத்து செய்துவிட்டதாகச் சொல்லி அவரைத் திருப்பி அனுப்புவது என் யோசனை. இருவரும் பேருந்தைப் பிடித்தோம். அவள் உட்காரவில்லை. காலி இருக்கை இருந்தும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, குட்டி போட்ட பூனையாக முன் கதவுக்கும் பின் கதவுக்கும் நடந்தாள். நடக்கும்போதே துண்டு துண்டாகச் சொன்னாள். தத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டு நாலு வருஷம் காத்திருந்தார்களாம். விசாரிக்க வந்த அம்மாள் அலமாரியையெல்லாம் திறந்து பார்த்தாளாம். பதினோரு மாதக் குழந்தையைக் கையில் கொடுத்தபோது அது இவளுடைய காதைப் பிடித்து இழுத்ததாம்.

"மூணு வயசுல சொல்லலாம்னு இருந்தோம். அப்புறம் அஞ்சு. ஒவ்வொரு தடவையும் அவர் டூட்டில இருப்பார். அவர் வரட்டும்னு இருப்பேன். அவர் வந்தா நீயே சொல்லும்பார். தெருவில யாராவது வாய் தவறிக் கேட்டுடுவாங்களோன்னு இருக்கும். உடனே வீட்டை மாத்திடுவோம்."

நாலு வீடு. நாங்கள் சிரித்த சிரிப்பை நினைத்தேன்.

இரண்டு நிறுத்தத்துக்கு முன்னால் வண்டிகள் தேங்கி நின்றுவிட்டன. அவள் குதித்து இறங்கி ஓடினாள். என் முழங்காலைப் பற்றி யாருக்கும் கவலையில்லை, நானும் ஓடினேன். சலவைக் கடை, சைக்கிள் கடை, பூட்டிய நூலகம், அதற்கு அடுத்த கட்டடத்தில் இரண்டாவது மாடி. போய்ச் சேர்ந்தபோது மூன்று ஐம்பது. மகள் சாப்பாட்டு மேஜையில் சீருடையோடு உட்கார்ந்து வரைபடத்தில் ஆறுகளுக்கு நீலம் தீட்டிக்கொண்டிருந்தாள். தபால்காரர் இன்னும் வரவில்லை.

"என்னம்மா இவ்ளோ சீக்கிரம்? அத்தையும் வந்திருக்காங்க?" என்றாள் மகள். என்னை அத்தை என்றுதான் கூப்பிடுவாள்.

சொல்ல நேரம் இருந்தது. பத்து நிமிஷமாவது இருந்தது. பம்பரம் என்ன செய்தாள் தெரியுமா? கொடியிலிருந்து துணிகளை எடுத்தாள். மடித்தாள். மடித்ததை உதறி மறுபடி மடித்தாள். தண்ணீர்க் குடத்தை இடம் மாற்றினாள். மட்கு வாளியைத் திறந்து பார்த்து மூடினாள். "இல்ல கண்ணு, உன்கிட்ட ஒண்ணு..." என்று ஆரம்பித்து, "பாலைக் குடிச்சியா?" என்று முடித்தாள். இன்னொரு முறை, "நீ சின்னப் புள்ளையா இருந்தப்போ..." என்று போய், துணி கிளிப்புகளை எண்ண ஆரம்பித்துவிட்டாள். எனக்குப் பொறுமை என்பது எப்போதும் கையிருப்பில் கிடையாது. அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போய், "சொல்லித் தொலைடி, அந்த ஆள் வந்து கத்தறதுக்குள்ள," என்று பல்லைக் கடித்தேன்.

"நாக்கு வரல அக்கா. நீங்க போய் வாசல்ல நின்னு அவரை அனுப்பிடுங்க. இன்னைக்கு மட்டும் அனுப்பிடுங்க. நாளைக்கு நான் சத்தியமா சொல்லிடுறேன்."

எத்தனை வருஷமாகச் சொல்லிவரும் 'நாளை' அது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் போனேன். தப்பு என்னுடையது அல்லவா.

தபால்காரர் படியேறி வந்துகொண்டிருந்தார். கதவு எண்ணைப் பார்த்தார், உறையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"நீங்க எங்க இங்க?"

"இந்த ஃபார்மை ரத்து பண்ணியாச்சு. நீங்க கிளம்புங்க," என்றேன், குரலைத் தாழ்த்தி.

"ரத்துன்னா காரணம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க, போயிடுறேன்." அவருடைய குரலுக்குத் தாழ்வு கிடையாது. "ரத்துக்கு ஒரே காரணம்தான் இருக்கு. பதில் எல்லாம் பொய்னு எழுதணும். எழுதறீங்களா?"

நான் பேனாவை எடுத்தேன். எழுதியிருப்பேன். மூடி கழற்றியாகிவிட்டது. அப்போது என் பின்னால் கதவு முழுக்கத் திறந்தது.

"அதுல ஒண்ணும் பொய் இல்ல," என்றாள் பம்பரம். "உள்ள வாங்க."

அவளுடைய கையில் இன்னும் இரண்டு துணி கிளிப்புகள் இருந்தன. அவள் யோசித்துச் செய்தாள் என்று நான் சொல்லமாட்டேன். அந்த ஒரு தாளில்தான் அவள் உண்மையைச் சொல்லியிருந்தாள். அதன்மேல் பொய் என்று எழுதுவதை அவளால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை, அவ்வளவுதான்.

தபால்காரர் செருப்பைக் கழற்றிவிட்டு மேஜையருகே உட்கார்ந்தார். மகளுக்கு வேடிக்கை. "என்னம்மா, உங்க ஆஃபீஸ்காரங்க நம்ம வீட்டுக்கே ஒத்திகை பாக்க வந்துட்டாங்களா?" என்று சிரித்தாள். புதுப் படிவம் வரும்போதெல்லாம் அம்மா வீட்டில் சொல்லிப் பார்ப்பதை அவள் பார்த்திருக்கிறாள். தபால்காரர் கண்ணாடியை மாட்டி அட்டையைப் படித்தார். ஒரு எழுத்து விடவில்லை. தத்தெடுத்த குழந்தைகள் என்ற இடத்தில் நான் மகளின் பென்சிலைப் பார்த்தேன். மகள் ஒரு ஆற்றை முடித்துவிட்டு அடுத்த ஆற்றுக்குப் போனாள்.

"எங்க ஆள் யாராவது வந்து படிவம் நிரப்பினாங்களா?"

"ஆமா. நான்தான் கேட்டேன், நான்தான் பதில் சொன்னேன்."

"குழந்தை வீட்டுக்கு வந்தப்போ வயசு?"

"பதினோரு மாசம்."

"குழந்தைகிட்டச் சொல்லியாச்சா?"

பம்பரம் மேஜையைச் சுற்றி வந்தாள். மகளுடைய நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றாள். அங்கே நிற்க முடியாமல் முன்னால் வந்தாள்.

"ஃபார்ம் எழுதின அன்னைக்கு இல்ல," என்றாள்.

"இப்போ?"

"இப்போ சொல்லிட்டிருக்கேன்."

பென்சில் நின்றது. மகள் தலையைத் தூக்கி அம்மாவைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். நான் சிரிப்பேன் என்று எதிர்பார்த்திருப்பாள். ஒத்திகை என்றால் நான்தானே முதலில் சிரிப்பேன்.

"எந்தக் குழந்தைம்மா?" என்றாள்.

"நீதான் கண்ணு."

தபால்காரருக்கு அப்போதுதான் விளங்கியது. ஆனாலும் பழக்கம் விடுமா, பாதிக் குரலில், அவருடைய வாழ்க்கையிலேயே முதல் முறையாகப் பாதிக் குரலில், "வயசு?" என்று கேட்டார்.

"பதினாலு," என்றாள் பம்பரம்.

கீழே சைக்கிள் கடையில் யாரோ காற்றடித்துக்கொண்டிருந்தார்கள். மகள் பென்சிலைப் பெட்டியில் வைத்து மூடினாள். அழவில்லை. "யார் யாருக்குத் தெரியும்?" என்று கேட்டாள். அதே கேள்வி, பதினெட்டாவது.

நான் பையிலிருந்து படிவத்தை எடுத்து அவளிடம் கொடுத்தேன். நிரப்பிய படிவத்தை வெளியாள் கண்ணில் காட்டினால் என் வேலை போகும். இவள் எப்படி வெளியாள் என்று யாராவது கேட்கட்டும், பதில் வைத்திருக்கிறேன். அவள் மெதுவாகப் படித்தாள். பதினாறில் அழித்த தடத்தின்மேல் விரலை வைத்துப் பார்த்தாள். பதினேழில் நின்றாள்.

"இவ்ளோதானா?"

"அவ்ளோதான்," என்றாள் அம்மா.

பின்பக்கத்தைத் திருப்பினாள். பெரியப்பா, பெரியம்மா, முதல் வீட்டுக்காரர், அவருடைய மனைவி, பழைய தெரு மருந்துக் கடைக்காரர் என்று போயிற்று பட்டியல். எண்ணினாள்.

"பதினேழு பேர்."

"பத்தொம்பது," என்றாள் பம்பரம். அந்த நேரத்திலும் அவளால் விட முடியவில்லை. "அத்தைக்கு இன்னைக்கு மூணு மணிக்குத் தெரியும். இவருக்கு இப்போ."

"அப்ப நான் இருபதாவது."

"ஆமா."

"எல்லாருக்கும் கடைசியா."

"ஆமா."

மகள் எழுந்து, வீட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போனாள். பம்பரம் வெறுங்காலோடு பின்னாலேயே போனாள். நானும் தபால்காரரும் அந்நியர் வீட்டில் மாட்டிக்கொண்டவர்களாக ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம்.

"கையெழுத்து வாங்கணும்," என்றார் அவர்.

"அப்ப உக்காருங்க," என்றேன்.

அவர் அட்டையை உறைக்குள் செருகிக்கொண்டே பேசினார். "முப்பத்தோரு வருஷம் கவர் குடுத்திருக்கேன். உள்ள என்ன இருக்குன்னு ஒருநாளும் தெரியாது. நீட்டினதும் திரும்பிடுவேன். பிரிக்கிறப்போ பக்கத்துல நின்னது இன்னைக்குத்தான்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எனக்கும் துடைக்க வேண்டியிருந்தது. ஆனால் நான் கண்ணாடி போடுவதில்லை.

ஜன்னலுக்குப் போனேன். கட்டடத்தைச் சுற்றித்தான் நடந்துகொண்டிருந்தார்கள். சீருடை முன்னால், பம்பரம் பின்னால். முதல் சுற்றில் இரண்டு விளக்குக் கம்பங்களின் தூரம் இருந்தது. இரண்டாவது சுற்றிலும் அதே தூரம். மூன்றாவது சுற்றில் ஒரு சரக்கு வண்டி பின்னோக்கி வந்தது. மகள் நின்றாள். அம்மா ஓடிவந்து சேர்ந்துகொள்வாள் என்று நினைத்தேன். அவளும் அங்கேயே நின்றாள், நெருங்கத் துணிவில்லை. வண்டி போனதும் மகள் சட்டென்று நடக்கவில்லை, கொஞ்சம் நின்றாள். திரும்பிப் பார்க்கவும் இல்லை. நாலாவது சுற்றில் ஒரு கம்பம்தான் இடைவெளி. எண்ணுவது என் தொழில், அதனால் எண்ணினேன். ஐந்தாவது சுற்றில் நாலைந்து அடி. சேர்ந்து நடக்கவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும்.

மேலே வந்தபோது மகளின் கண் சிவந்திருந்தது. யாரையும் பார்க்காமல் போய்த் தண்ணீர் குடித்தாள். பம்பரம் வாசலிலேயே நின்றாள், உள்ளே வரலாமா என்று தெரியாதவளாக. அவளுடைய சொந்த வீடு. மகள் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு மேஜைக்கு வந்தாள்.

"மூணாவது கேள்விக்கு என்ன எழுதியிருக்கீங்க?" என்று தபால்காரரைக் கேட்டாள்.

"சொல்லியாச்சுன்னு எழுதியிருக்கேன்மா. வயசு பதினாலு."

"பதினாலே முக்கால்," என்றாள். "திருத்திடுங்க. அம்மாவுக்கு ஃபார்ம்ல தப்பு இருந்தா பிடிக்காது."

தபால்காரர் ரப்பரைத் தேடினார். மகள் தன்னுடையதை எடுத்துக் கொடுத்தாள். பம்பரம் வந்து, ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, அதில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டாள். முதலில் எழுதியதும் இப்போது சொன்னதும் ஒத்துப்போகிறதா என்று கீழே ஒரு கட்டம் இருக்கும். நான் சிவப்புப் பேனாவை எடுத்து, பன்னிரண்டு வருஷத்தில் முதல் முறையாக அவளுடைய படிவத்தில் எழுதினேன்: பொருந்தவில்லை.